வகுப்பறையில் திரைக்கு எவ்வளவு இடம்?

விஜயதசமி அன்று காலை பூந்தோட்டம் பக்கம் வந்தால், கூத்தனூர் சரஸ்வதி கோவிலுக்குப் போகிற கூட்டத்தைப் பார்க்கலாம். இடுப்பில் பிள்ளை, பையில் நோட்டு, பேனா, சிலேட்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் தங்கை மகளை அங்கே தூக்கிக்கொண்டு போயிருந்தோம். தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பி, அவளுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து என் அப்பா ‘அ’ எழுத வைத்தார். நெல்லின் சுணை குத்தியதோ என்னவோ, முதல் சுழியிலேயே விரலை இழுத்துக்கொண்டாள். இரண்டாம் தடவை கொஞ்சம் அழுத்தினாள். நெல் இரண்டு பக்கமும் ஒதுங்கி, நடுவில் தாம்பாளத்தின் பித்தளை தெரிந்தது. அதைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு. அப்புறம் தாத்தாவின் கையை உதறிவிட்டு அவளாகவே கோடு கோடாக இழுக்க ஆரம்பித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அதே ‘அ’-வைத் தங்கை செல்போனில் ஒரு செயலியில் காட்டினாள். புள்ளி புள்ளியாக எழுத்து வரும். அதன் மேல் விரலை ஓட்ட வேண்டும். தப்பான இடத்தில் தொடங்கினால் கோடு விழாது. சரியாக முடித்தால் நட்சத்திரம் பறக்கும், ஒரு குரல் “அ, அம்மா” என்று சொல்லும். பிள்ளை சலிக்காமல் இருபது தடவை எழுதினாள். இருபது தடவை கையைப் பிடித்து எழுத வைக்கிற பொறுமை எங்கள் வீட்டில் யாருக்கும் இருந்திருக்காது.

நெல்லில் எழுதும்போது விரலுக்கு ஒரு தடை கிடைக்கிறது. தாத்தாவின் கையும் குரலும் பக்கத்திலேயே இருக்கின்றன. செயலியில் சலிப்பே இல்லாத திருத்தம் கிடைக்கிறது. வகுப்பறையில் தொழில்நுட்பமும் பழைய கற்றல் முறையும் எப்படிச் சேர்ந்து இருக்கலாம் என்று யாராவது கேட்டால், நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். ஜூன் மாதம் சேர்க்கைக்கு வருகிற பெற்றோர் முதலில் கேட்பது, “சார், உங்க பள்ளிக்கூடத்துல ஸ்மார்ட் போர்டு இருக்கா?” அதே பெற்றோர் தீபாவளி தாண்டி வந்து, “எந்நேரமும் செல்லுதான் சார். பழையபடி வாய்ப்பாட்டை ஒப்பிக்க வைங்க சார்” என்பார்கள். இரண்டுமே நியாயமான பேச்சுதான். பிள்ளை பின்தங்கிவிடக் கூடாதே என்ற கவலை ஒன்று, பிள்ளை கைமீறிப் போய்விடக் கூடாதே என்ற கவலை இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரு பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

சமநிலை என்றால் என்ன

திரைக்கு வாரத்தில் இத்தனை பீரியட், கரும்பலகைக்கு இத்தனை பீரியட் என்று பங்கு பிரிப்பதைத்தான் பலரும் சமநிலை என்று நினைக்கிறார்கள். அப்படிப் பிரித்தால் கால அட்டவணை அழகாக இருக்கும், பாடம் நடக்காது. வயலுக்குத் தண்ணீர் வைக்கிறவர் பயிரைப் பார்த்துத்தான் மடையைத் திறப்பார். நாற்று வேர் பிடிக்கிற நேரத்துக்கு ஓர் அளவு, கதிர் பால் பிடிக்கிற நேரத்துக்கு ஓர் அளவு. அறுப்புக்கு முன்னால் மடையை அடைத்தே ஆக வேண்டும்.

வகுப்பிலும் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். இந்தப் பாடத்தில் பிள்ளை தானே செய்தால்தான் வரும் என்பது எது? பிள்ளையின் கண்ணும் காலும் எட்டவே எட்டாதது எது? முதலாவதைக் கைக்கும் வாய்க்கும் விட வேண்டும். இரண்டாவதைத் திரைக்குக் கொடுக்கலாம்.

இந்த வரிசை மாறிப்போவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். ஒரு பள்ளிக்குப் பயிற்சிக்காகப் போயிருந்தபோது ஐந்தாம் வகுப்பில் நெல் சாகுபடி பாடம் நடந்துகொண்டிருந்தது. திரையில் எந்த ஊரிலோ எடுத்த நடவு வீடியோ. ஜன்னலுக்கு வெளியே ஐம்பதடி தூரத்தில் நாலைந்து பெண்கள் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் ஒரு முடி நாற்றைக் கையில் வாங்கி, வேரில் ஒட்டியிருக்கிற சேற்றைக் கழுவிப் பார்க்கச் சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் பாடம் முடிந்திருக்கும். அதே திரையில், விதை முளைத்து வேர் இறங்குவதைப் பல நாள் படம்பிடித்து ஒரு நிமிஷத்தில் ஓட்டிக் காட்டியிருந்தால், அது எந்த வயலிலும் பார்க்க முடியாத காட்சி. வீடியோவும் நல்ல வீடியோதான், ஆசிரியரும் உழைக்கிறவர்தான். எது எதற்கு என்ற கேள்வியை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சிலேட்டும் ஒரு காலத்தில் புதுசு

‘பழைய முறை’ என்று நாம் சொல்வதில் பாதி, வந்தபோது புதுத் தொழில்நுட்பம். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் இடத்துக்கே வரவழைத்து, அந்தப் பொடிசுகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் எழுத்துகளைக் கற்றார். சில வருஷத்தில் அதே ஊருக்கு அச்சு இயந்திரம் வந்தது. 1715-ல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுதாக அச்சாகி முடிந்தது. மணல், அச்சு இரண்டும் ஒரே மனிதருக்குப் பத்து வருஷ இடைவெளியில் பயன்பட்டிருக்கின்றன.

உ.வே.சாமிநாதையர் பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்தில் 1855-ல் பிறந்தவர். மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஏட்டுச் சுவடியை வைத்துப் பாடம் கேட்டவர். பிறகு கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு, சீவக சிந்தாமணியை 1887-ல் அச்சில் கொண்டுவந்தார். எந்த ஏட்டில் இருக்கிற சொல் சரி, எது ஏடு எழுதியவர் செய்த பிழை என்று தீர்மானிக்கிற அறிவு அவருக்கு ஓலையோடு பழகிப் பழகி வந்தது. அந்த அறிவை ஊரெல்லாம் கொண்டுசேர்த்தது அச்சு. ஓலை இல்லாமல் அச்சு மட்டும் கையில் இருந்திருந்தால் என்ன அச்சடிப்பது என்றே தெரிந்திருக்காது.

கும்பகோணத்தில் இன்னொருவர். இராமானுஜனுக்குக் காகிதம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. கணக்கையெல்லாம் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதிவைத்தார். அந்த முடிவுகளுக்கு நிரூபணம் தேடிக் கணித அறிஞர்கள் பல பத்தாண்டுகள் உழைத்தார்கள். ஒரு கருவி எதை வைத்துக்கொள்கிறது, எதை அழித்துவிடுகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அழிவதில் ஒரு நன்மையும் உண்டு. என் வகுப்பில் நோட்டில் எழுதத் தயங்குகிற பிள்ளை சிலேட்டில் தைரியமாகத் தப்புப் போடும். எச்சில் தொட்டு அழித்தால் தப்பு போய்விடும், யாரும் சிவப்பு மையில் சுழிக்க முடியாது. அதனால் ஏழாம் வகுப்புக்குக்கூட நான் பத்துப் பதினைந்து சிலேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

ஒப்பிப்பதில் என்ன இருக்கிறது

“எட்டேழு?” என்று கேட்டால் “ஐம்பத்தாறு” வர வேண்டும். கால்குலேட்டர் கையிலேயே இருக்கும்போது இது எதற்கு என்று பிள்ளைகளே கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 2006-ல் வெளிவந்தது. மாணவர்களிடம் ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு குழு அதைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு தாளை மூடிவைத்துவிட்டு, நினைவில் நிற்பதை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷத்தில் சோதித்தால், திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். மூடிவைத்து நினைத்துப் பார்த்தவர்களுக்கே நிறைய நினைவிருந்தது. இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், ‘எனக்கு நன்றாக நினைவிருக்கும்’ என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்.

வகுப்பில் வீடியோ பார்ப்பது திரும்பத் திரும்பப் படிப்பதைப் போன்றதுதான். பார்க்கிற நேரத்தில் எல்லாம் புரிகிறது. “புரிஞ்சுதா?” என்று கேட்டால் நாற்பது குரலும் “புரிஞ்சுது சார்” என்னும். மறுநாள் கேட்டால் முழிப்பார்கள். ஒப்பித்தல் என்பது இதற்கு நேர் எதிரான வேலை. உள்ளே போனதை வெளியே இழுப்பது. இழுக்க இழுக்கத்தான் கிணறு ஊறும்.

ஆனால் பொருள் தெரியாமல் ஒப்பிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். எட்டேழு ஐம்பத்தாறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற பிள்ளையிடம், ‘வரிசைக்கு எட்டுத் தென்னங்கன்று, ஏழு வரிசை, மொத்தம் எத்தனை?’ என்று கேட்டால் சில சமயம் எட்டையும் ஏழையும் கூட்டிப் பதினைந்து என்று சொல்லும். நம்முடைய பழைய முறையின் பெரிய குறை இதுதான். இதை மூடிமறைத்துவிட்டு அந்தக் காலம்போல வருமா என்று பேசுவதில் பயனில்லை.

அப்போது திரையை எப்படித்தான் பயன்படுத்துவது? இதயம் பாடத்தில் நான் செய்வதைச் சொல்கிறேன். இரத்தம் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறது, எந்த வால்வு எப்போது மூடுகிறது என்பதை அசையும் படத்தில் காட்டுவதற்கு ஈடு இல்லை. நான் கரும்பலகையில் எவ்வளவு நன்றாக வரைந்தாலும் அது துடிக்காது. இரண்டு நிமிஷம் ஓடவிடுவேன். பிறகு திரையை அணைத்துவிட்டு, ‘சிலேட்டை எடுங்க, பார்த்ததை வரையுங்க’ என்பேன். நாலு அறை எல்லோருக்கும் வந்துவிடும். வலது எது, இடது எது, நுரையீரலுக்குப் போகிற குழாய் எங்கே கிளம்புகிறது என்பதில் சண்டை ஆரம்பிக்கும். “இல்லடா, அது இந்தப் பக்கம்.” “நீ தப்பாப் பார்த்த.” அந்தச் சண்டை கொஞ்சம் முற்றட்டும் என்று விட்டுவிடுவேன். அப்புறம் அதே வீடியோவை மறுபடி போட்டால், முதல் தடவை பின் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டிருந்தவன்கூட முன்னால் வந்து நின்று பார்ப்பான். அவனுக்கு இப்போது ஒரு கேள்வி இருக்கிறது, படத்தில் அதற்குப் பதில் தேடுகிறான். வீடியோ அதே வீடியோ, பார்க்கிற கண்தான் மாறிவிட்டது.

கை எழுதுவது ஏன்

நார்வேயில் 36 பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2024-ல் வந்தது. தலையில் மின்முனைகளைப் பொருத்தி, அவர்கள் கையால் எழுதும்போதும் விசைப்பலகையில் தட்டும்போதும் மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்தார்கள். கையால் எழுதும்போது மூளையின் பல பகுதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்கின; விசையைத் தட்டும்போது அந்த அளவுக்கு இல்லை. இங்கே பலர் விட்டுவிடுகிற ஒரு விவரம் இருக்கிறது. அந்த மாணவர்கள் காகிதத்தில் எழுதவில்லை. தொடுதிரையில் டிஜிட்டல் பேனாவால்தான் எழுதினார்கள். அப்படியென்றால் குற்றம் திரை மேல் இல்லை. ஒவ்வொரு எழுத்தையும் கை தனித்தனியாக வளைத்து உருவாக்குகிறதா, இல்லை எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரித் தட்டுகிறதா என்பதில்தான் வித்தியாசம். ஸ்மார்ட் போர்டில் பேனாவை எடுத்துப் பிள்ளை எழுதினால் அது பழைய முறைதான். ஆசிரியர் மட்டும் எழுதிவிட்டுப் பிள்ளை வேடிக்கை பார்த்தால், கரும்பலகையானாலும் பயனில்லை.

தமிழுக்கு இது இன்னும் முக்கியம். பிள்ளைகள் செல்லில் தமிழ் எழுதுவதைக் கவனித்திருக்கிறீர்களா? ஆங்கில எழுத்தில் ‘வாழை’யைத் தட்டினால், மேலே வாழை, வாளை, வாலை என்று வரிசையாக வரும், ஒன்றைத் தொட்டால் முடிந்தது. குரலில் சொன்னால் அதுவும் வேண்டாம். ழ, ள, ல மூன்றில் எது என்று முடிவெடுக்கிற வேலையை மெஷின் எடுத்துக்கொள்கிறது. பெரியவர்களுக்கு அது வசதி. நானே தினமும் அப்படித்தான் தட்டுகிறேன். ஆனால் அந்த முடிவை இன்னும் நூறு தடவைகூடத் தானாக எடுத்துப் பழகாத மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது வசதி இல்லை, இழப்பு. அதனால்தான் சின்ன வகுப்புகளில் திரையைக் குறைவாகத் திறக்க வேண்டும் என்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் கை, வாய், காது, மண், விதை, கூழாங்கல் இவையே பெரும்பாலும் போதும். ஆறாம் வகுப்புக்கு மேல் மடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம்.

எண்பது குழியா, எண்பத்து நாலா

பழையதும் புதியதும் ஒன்றுக்கொன்று கைகொடுத்த பாடம் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் பரப்பளவு. புத்தகத்தில் சதுர மீட்டர் இருக்கிறது. ஊரில் யாரும் சதுர மீட்டரில் பேசுவதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு குழி என்பது 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட். மூணு மா ஓர் ஏக்கர் என்று வாய்க்கணக்கில் சொல்வார்கள்.

வீட்டில் போய்ப் பெரியவர்களிடம் நிலக்கணக்கு கேட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். மறுநாள் ஒரு பையன் வந்தான். “சார், எங்க அப்பாயி அஞ்சு மா கால் வேலின்னு சொல்லுது சார். அது பள்ளிக்கூடமே போகல, எப்படி சார் தெரியும்?” அங்கேதான் பழைய பின்ன வாய்ப்பாட்டைச் சொல்ல எனக்கு இடம் கிடைத்தது. எண்சுவடிக் கணக்கில் மா என்றால் இருபதில் ஒரு பங்கு. காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு. நாலு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால். வேலியில் இருபதில் ஒரு பங்கு நிலத்துக்கும் மா என்றே பேர். பிள்ளைகளுக்கு 5/20 = 1/4 என்பது அன்றுவரை நோட்டில் கோடு போட்டு அடிக்கிற வேலையாக இருந்தது. அன்றைக்கு அது அப்பாயி வாயில் புழங்குகிற பேச்சாக மாறியது.

பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் பின்னால் இருக்கிற வயலுக்குப் போனோம். அறுவடை முடிந்து தாள் நின்ற வயல். நீளம் 120 அடி, அகலம் 96 அடி. 12-ஆல் வகுத்தால் பத்தும் எட்டும். “பத்தெட்டு எண்பது, எண்பது குழி சார்!” என்று ஒரு பெண் காகிதம் இல்லாமலே கத்திவிட்டாள். மனப்பாட வாய்ப்பாடு வேலை செய்கிற இடம் இதுதான். கால்குலேட்டரைத் தேடியிருந்தால் 11,520-ஐ 144-ஆல் வகுத்துக்கொண்டு நின்றிருப்பாள்; பத்து, எட்டு என்கிற அழகு கண்ணில் பட்டிருக்காது.

அப்புறம் வகுப்புக்குத் திரும்பி, திரையில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து அதே வயலைத் தேடினோம். பள்ளிக்கூடத்து ஓட்டுக் கூரையைக் கண்டுபிடித்ததும் ஒரே கூச்சல். வயலின் நாலு மூலையிலும் புள்ளி வைத்தால் பரப்பளவை அதுவே சொல்லும். வந்தது ஏறக்குறைய 12,100 சதுர அடி. வகுத்துப் பார்த்தால் 84 குழி. கையால் அளந்தது 80, வானத்திலிருந்து அளந்தது 84. எது சரி?

முக்கால் வகுப்பு “கம்ப்யூட்டர்தான் சார் சரி” என்றது. விவசாய வீட்டுப் பையன் ஒருவன் மட்டும், “வரப்பையும் சேத்து வச்சிட்டீங்க சார்” என்றான். பெரிதாக்கிப் பார்த்தோம். அவன் சொன்னது சரி. புள்ளி வரப்புக்கு வெளியே விழுந்திருந்தது. சுற்றிலும் ஓரடி, ஒன்றரை அடி தள்ளினால் மொத்தத்தில் எத்தனை குழி கூடும் என்று அடுத்த இருபது நிமிஷம் போனது. மெஷின் தப்புச் சொல்லவில்லை. நாம் எதைக் கேட்டோமோ அதைச் சொன்னது. இந்த ஒரு விஷயத்தை நான் வாயால் பத்து வருஷம் சொல்லியிருந்தாலும் பதிந்திருக்காது. வயலில் கால் வைத்து அளந்தவனுக்குத்தான் திரையில் இருக்கிற எண்ணைச் சந்தேகப்படத் தைரியம் வந்தது.

அதே வரைபடத்தை அன்று மூடுவதற்கு முன் கொஞ்சம் மேலே தூக்கிக் காட்டினேன். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று மறுபடி பிரிகிறது. அதற்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என்று விசிறி மாதிரி விரிந்து கடலுக்குப் போகிறது. கரையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். தினமும் வாய்க்காலைத் தாண்டித்தான் பள்ளிக்கு வருகிறார்கள். அந்த விசிறியை அவர்கள் பார்த்ததே இல்லை. எத்தனை வருஷம் கரையில் நின்றாலும் அது கண்ணுக்குத் தெரியாது. இதற்குத்தான் திரை.

கடைமடைக்கு வருகிறதா

மேட்டூரில் தண்ணீர் திறந்தால் செய்தி அன்றைக்கே தொலைக்காட்சியில் வந்துவிடும். கடைமடை வயலுக்கு அது வந்து சேர்வது வேறு கதை. தொழில்நுட்பமும் அப்படித்தான். 2018 முதல் தமிழ்நாட்டுப் பாடப் புத்தகங்களில் கியூஆர் குறியீடு இருக்கிறது. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. பல அரசுப் பள்ளிகளில் இன்று திறன்மிகு வகுப்பறை இருக்கிறது. இவை நல்ல காரியங்கள், நான் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் கொரோனா நேரத்தில் பள்ளிகள் மூடியபோது, வீட்டில் ஒரே ஒரு செல்லு, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்கிற பிள்ளைகள் எங்கள் பக்கம் நிறைய இருந்தார்கள். இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்தச் செல்லு பெரும்பாலும் அண்ணனுக்குத்தான் போனது. தங்கச்சிகள் பல எழுத்துகளை மறந்துவிட்டு வந்தார்கள்.

அதைச் சரிசெய்ய 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் என்ன செய்தது? சாயங்காலம் தெருவிலேயே, ஊர்த் தன்னார்வலர் ஒருவர் இருபது பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். திண்ணைப் பள்ளி திரும்பி வந்த மாதிரிதான் இருந்தது. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதும் அங்கே தானாகவே நடந்தது. இந்தப் பழக்கம் நம் ஊரில் பழசு. சென்னை எழும்பூர் அனாதை விடுதியைப் பார்த்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்பதையும் பார்த்துத் தன் பள்ளியில் நடைமுறைப்படுத்தி, 1797-ல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பேர் வைத்தார்கள்.

இன்னொன்று கரன்ட். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. திரை இல்லாமல் ஒரு வாரம் பாடம் எடுக்கத் தெரியாத பள்ளி எந்தப் பள்ளியாக இருந்தாலும் அது ஆபத்துதான். ஆசிரியர் கையில் எப்போதும் சாக்பீஸ் பாடம் ஒன்று தயாராக இருக்க வேண்டும். யுனெஸ்கோ 2023-ல் வெளியிட்ட கல்வி அறிக்கையும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது: தொழில்நுட்பம் ஆசிரியருக்குத் துணையாக இருக்கட்டும், ஆசிரியர் இடத்தில் உட்கார வேண்டாம் என்று.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு

சாயங்காலம் பிள்ளை வந்ததும் “இன்னிக்கு என்ன வீடியோ போட்டாங்க?” என்று கேட்பதைவிட, “அதுல என்ன பார்த்த, எனக்கு வரைஞ்சு காட்டு” என்று கேளுங்கள். உங்களுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. பிள்ளை உங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லித்தான் ஆக வேண்டும். செல்லைப் பிடுங்கி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சோறு சாப்பிடும்போதும் படுக்கும்போதும் யார் கையிலும் செல்லு இல்லை என்பது வீட்டுக்கே பொதுவான விதியாக இருந்தால் பிள்ளை மதிக்கும். அப்பா கையில் மட்டும் இருந்தால் மதிக்காது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். சாட்ஜிபிடியிடம் கேட்டால் வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்துவிடுகிறதே, இனி என்ன செய்வது என்று. அதற்கும் அதே இரண்டு கேள்விதான்: பிள்ளை தானே செய்தால்தான் வரும் என்பது எது, பிள்ளைக்கு எட்டாதது எது. போன வருஷம் ஏழாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில், ஊராட்சிக்குக் கோரிக்கைக் கடிதம் எழுதும் பயிற்சி வந்தது. வாய்க்கால் மேல் பிள்ளைகள் நடந்து வருகிற மரப்பாலத்தில் ஒரு பலகை உடைந்திருந்தது. முதலில் எல்லோரும் தங்கள் கையாலேயே எழுதினார்கள். அப்புறம் தமிழாசிரியர் தன் செல்லில் அதே விஷயத்தைக் கொடுத்து மெஷினிடம் ஒரு கடிதம் வாங்கி வாசித்துக் காட்டினார். பிழையே இல்லை. ‘பொதுமக்களின் நலன் கருதி உரிய நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று மிடுக்காக இருந்தது. வகுப்பு அசந்துபோனது.

பிறகு ஒரு பெண்ணின் கடிதத்தை வாசித்தார். அதில் ஏழெட்டு எழுத்துப்பிழை. ஆனால், பெரியசாமி கோவிலைத் தாண்டி இரண்டாவது மதகுக்குப் பக்கத்தில் இருக்கிற பாலம், வடக்கிலிருந்து மூன்றாவது பலகை, போன செவ்வாய்க்கிழமை என் தம்பி கால் அதில் மாட்டிக்கொண்டது, செருப்பு வாய்க்காலில் போய்விட்டது என்று எழுதியிருந்தாள். இரண்டில் எதை அனுப்பலாம் என்று வகுப்பையே கேட்டோம். அவளுடைய கடிதம் என்று முடிவானது. மெஷினிடம் எழுத்துப்பிழையை மட்டும் காட்டச் சொல்லி, அவளே திருத்தி, அவள் கையெழுத்திலேயே வெள்ளைத் தாளில் எழுதி அனுப்பினாள்.

பத்து நாள் கழித்து ஊராட்சியிலிருந்து ஓர் ஆள் பலகையோடு வந்தார். எந்தப் பாலம் என்று பள்ளியில் வந்து விசாரிக்கவே இல்லை. நேராக இரண்டாவது மதகுக்குப் போயிருந்தார்.